பிக்கப் வண்டிக்குப் படியும் எல்.ஈ.டி. விளக்கும்: வாசலிலேயே மாட்டலாம்

எங்கள் ஆத்தாவுக்கு முட்டி வலி. ஆனால் மஞ்சள் மூட்டையோடு ஈரோட்டுக்கு வண்டி கிளம்பினால் தானும் வந்தே தீரும். விடிகாலை இருட்டில் பிக்கப்பில் ஏற்றிவிடுவதற்குள் எனக்கே மூச்சு வாங்கும். "ஏஞ்சாமி, ஏணி ஒண்ணு கொண்டாந்து வெச்சுட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டது. ஏணிக்குப் பதிலாகப் படி மாட்டினேன். படி கண்ணுக்குத் தெரிய அடியில் விளக்கும் வைத்தேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும்.

முதலில் வாங்குகிற கதை. உருண்டை பைப் படி பார்க்க அழகுதான். சேற்றுச் செருப்போடு மிதித்தால் வழுக்கும். மேலே ரப்பர் பதித்த சப்பைப் படியாக, உங்கள் வண்டி மாடலுக்கென்றே வருவதாகக் கேளுங்கள். படியை வண்டியோடு தாங்கிப் பிடிக்கும் இரும்பு பிராக்கெட் பக்கத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். ஏறுகிறவர் முழு எடையையும் ஒரே காலில், பெரும்பாலும் படியின் ஒரு முனையில்தான் வைப்பார். நான் மூன்று இருப்பதைத்தான் வாங்கினேன். படி வண்டியின் பாடியைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது.

விளக்கில் நம் ஊர்ப் பக்கம் ஒரு சிக்கல் உண்டு. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு எல்லாம் லாரி ஊர்கள். அங்கே லைட் கடையில் போய்ச் சும்மா 'எல்.ஈ.டி. கொடுங்க' என்றால் 24 வோல்ட் விளக்கை எடுத்து வைத்துவிடுவார்கள். லாரிக்கு அது சரி. பிக்கப்புக்கு 12 வோல்ட் வேண்டும். 24 வோல்ட் விளக்கு இதில் மங்கலாக எரியும், இல்லையென்றால் எரியவே எரியாது. 12 வோல்ட் விளக்கை லாரியில் மாட்டினால் கருகிவிடும். அட்டையில் 10 முதல் 30 வோல்ட் என்று போட்டிருந்தால் இரண்டுக்கும் ஆகும்.

சரி, வேலைக்கு வருவோம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கி வேண்டாம். படுத்தால் கை எட்டும். டார்ச் அடித்துச் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) ஓரமாகப் பாருங்கள்: பிரேக் குழாய், டீசல் குழாய், ஒயர்க் கட்டு எல்லாம் அதை ஒட்டியே ஓடும். பிராக்கெட் அவற்றை அழுத்தக் கூடாது.

பிராக்கெட்டைச் சேஸிஸில் ஏற்கெனவே உள்ள ஓட்டையில்தான் மாட்ட வேண்டும். 'ஓட்டை ஒத்து வரலைங்க, ஒரு டிரில் போட்டுக்கலாம்' என்று யாராவது சொன்னால் படியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாரம் ஏற்றினால் சேஸிஸின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் அதிகம் இழுபடும். அங்கே ஓட்டை போட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வெல்டிங்கும் வேண்டாம்.

போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள், அது பலத்துக்கான தர எண். அதற்கு நைலான் வளையம் வைத்த நட்டு போடுங்கள், அதிர்வில் கழலாது. மூன்று பிராக்கெட்டையும் விரலால் முடுக்கும் அளவுக்கு மட்டும் மாட்டிவிட்டு, படியைத் தூக்கி அடியில் ஹாலோ பிளாக் அடுக்கி நிறுத்துங்கள். ஆள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. எல்லா போல்ட்டும் ஓட்டையில் இறங்கிய பிறகு தள்ளி நின்று படி நேராக இருக்கிறதா பார்த்து, நடுவிலிருந்து இறுக்குங்கள். ஒன்றை முதலிலேயே இறுக்கிவிட்டால் மற்றது ஓட்டைக்கு வரவே வராது. எனக்கு இடது பக்கம் அரை மணி நேரம் போனது இதில்தான். 10 எம்.எம். போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கம் போதும். கதவைத் திறந்து பாருங்கள், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துச் சக்கரம் இடிக்கிறதா பாருங்கள். அப்புறம் ஏறி நின்று குதியுங்கள்.

இனி விளக்கு. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். முந்தி ஒருமுறை எல்.ஈ.டி. ஸ்ட்ரிப்பின் ஒயரைப் பார்க் லைட் ஒயரோடு முறுக்கி, டேப் சுற்றிவிட்டேன். பத்து நிமிஷ வேலை. ஒரு மழை ராத்திரி பெருந்துறை தாண்டி விஜயமங்கலம் போகையில் மீட்டர் வெளிச்சம் அணைந்தது. பல்பு போயிற்று என்று ஓட்டிக்கொண்டே இருந்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் பக்கத்தில் வந்து, "ஏனுங்க, பின்னாடி லைட்டே எரியலீங்களே!" என்று கத்தினார். ஸ்ட்ரிப்பில் தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆனதில் பியூஸ் போய், அதே பியூஸில் இருந்த பின் விளக்கும் சேர்ந்து போயிருந்தது.

அதனால் இந்த முறை தனி லைன். பேட்டரியின் எர்த் (மைனஸ்) ஒயரை முதலில் கழற்றுங்கள். கணக்கு எளிதுதான்: வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். படிக்கு அடியில் 6 வாட் ஸ்ட்ரிப் இரண்டு, பாரம் ஏற்றும் இடத்துக்கு 18 வாட் விளக்கு ஒன்று, மொத்தம் 30 வாட். 12-ஆல் வகுத்தால் 2.5 ஆம்பியர். 5 ஆம்பியர் பியூஸும் 1 சதுர மி.மீ. ஒயரும் தாராளம். பியூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒயர் உரசித் தீப்பிடிக்கும்போது அது காப்பாற்றாது.

பியூஸிலிருந்து டேஷ்போர்டு சுவிட்ச், அங்கிருந்து விளக்கு. தகட்டில் ஒயர் நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். சைலன்ஸர் பக்கம் போகாமல், ஒரு சாணுக்கு ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டுங்கள். எர்த்துக்குச் சேஸிஸில் பெயின்டைச் சுரண்டி, லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். இந்த அளவுக்கு ரிலே (சுவிட்சின் சிறு கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் சிறு பெட்டி) தேவையில்லை. பெரிய விளக்கு போட்டால் தேவைப்படும். அதன் ஒவ்வொரு காலிலும் ஓர் எண் போட்டிருக்கும்: 30-க்குப் பியூஸ் வழியாகப் பேட்டரி, 87-லிருந்து விளக்கு, 86-க்குச் சுவிட்ச், 85-க்கு எர்த்.

நிறத்தில் விளையாட்டு வேண்டாம். முன்னால் சிவப்பு, எங்கேயும் நீலம், மினுக்கு விளக்கு எல்லாம் போலீஸ் கையில் மாட்டிவிடும், எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சோதனையிலும் நிறுத்திவிடும். பின்னால் அடிக்கும் வெள்ளை வெளிச்சத்தை வண்டி ஓடும்போது அணைத்துவிடுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே வாங்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாம் முடிந்ததும் ஹோஸ் பைப்பால் அடியில் தண்ணீர் அடித்து, அரை மணி கழித்துப் போட்டுப் பாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை இறுக்குங்கள். எனக்கு இரண்டு இளகியிருந்தன.

மறுநாள் விடிகாலை சுவிட்சைப் போட்டேன். ஆத்தா குனிந்து பார்த்தது, ஒரு காலைப் படியில் வைத்தது, கதவோரம் துழாவியது. "வெளிச்சமெல்லாஞ் சரி சாமி, கையில புடிக்க ஒண்ணுமில்லியே?"

அடுத்த ஞாயிறு கைப்பிடி மாட்ட வேண்டும்.