வேணும் என்று சொன்னது மாட்டேன் என்று கேட்டால்: காதால் ஆங்கிலம் படித்தவர்களுக்கு ஒரு செய்முறை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஆங்கிலம் படிக்க வருபவர்களில் ஒரு பகுதியினர் சாதாரண தரப் (சா/த) பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். மற்றப் பகுதியினர் முப்பது வயதை ஒட்டியவர்கள். 2008, 2009 இல் இடப்பெயர்வுக்கு மேல் இடப்பெயர்வாகி, பள்ளிக்கூட மேசையில் இருக்க வேண்டிய காலத்தைத் தரப்பாளுக்குக் கீழே கழித்தவர்கள். இதை முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இவர்கள் ஆங்கிலத்தைக் காதால் பிடித்தவர்கள். தொலைக்காட்சியில் கேட்டது, வேலை செய்த இடத்தில் கேட்டது, கனடாவில் இருக்கும் மச்சாள் போனில் பேசும்போது கேட்டது. இப்படிப் படித்தவர்களுக்குப் பேசக் கூச்சம் குறைவு. அது பெரிய பலம். ஆனால் எதிரில் இருப்பவர் சொன்னது ஒன்று, காதில் ஏறியது வேறொன்று என்ற சிக்கலும் கூடவே வரும். 1987 இல் வந்த, அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின்படி ஆங்கிலம் நாட்டின் இணைப்பு மொழி. பரந்தனிலோ மாங்குளத்திலோ தமிழ் தெரியாத ஓர் அலுவலருக்கு முன்னால் இருக்கும்போது நமக்குக் கைகொடுப்பது பல நேரம் அதுதான். அங்கே ஒரு சொல் பிசகினால் நட்டம் நமக்கு.

முதல் படி: கொப்பியில் மூன்று கோடு

ஒரு சீஆர் கொப்பி எடுத்துப் பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் நிரலில் காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள், பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவதில் அகராதி பார்த்துச் சரியான ஆங்கில எழுத்து. மூன்றாவதில் உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு முழு வசனம். மூன்றாவது நிரலை வெறுமையாக விடுபவர்களுக்கு அந்தச் சொல் தங்குவதில்லை. போனில் உச்சரிப்பைக் கேட்கக்கூடிய அகராதி ஒன்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நமது ஓ

எங்கள் ஊரில் அதிகம் பிசகுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கல்யாண மண்டபத்தை நாங்கள் 'ஹோல்' என்கிறோம். நிலத்தில் இருக்கும் ஓட்டையும் 'ஹோல்'தான். போன் எடுப்பது 'கோல்', நிலக்கரியும் 'கோல்'. விளையாடும் பந்து 'போல்', கறி போடும் கோப்பையும் 'போல்'. தமிழ்நாட்டிலோ ஹால், கால், பால் என்று எழுதுவார்கள். மண்டபத்துக்கும் பந்துக்கும் உரிய உண்மையான ஒலி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணாடிக்கு முன்னால் நின்று 'ஆ' என்று வாயைத் திறவுங்கள். நாடியை, அதாவது தாடையை, அப்படியே கீழே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் சற்றுக் குவியுங்கள். அதுதான் மண்டபம். பிறகு நாடியை மேலே கொண்டுவந்து, உதட்டை நன்றாக ஒடுக்கித் தமிழ் 'ஓ' சொல்லுங்கள். அது ஓட்டை.

இதில் மிகவும் கவனிக்க வேண்டிய சோடி ஒன்று உண்டு. 'ஐ வொன்ற்' என்றால் எனக்கு வேணும். 'ஐ வோன்ற்' என்றால் நான் மாட்டேன். முதலாவது குறில், நாடி கீழே. இரண்டாவது நெடில், உதடு ஒடுங்கும். போன் வழியாக நடக்கும் நேர்முகத்தில், இந்த வேலை வேணுமா என்று கேட்கிறார்கள். முகம் தெரியாது, தலையாட்டுவதும் தெரியாது. குறிலை நீட்டிவிட்டால் வந்த வேலையை வேண்டாம் என்று சொன்னதாகப் போகும். தினமும் இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பழகுங்கள்.

இந்த 'ஓ' பிசகுவதைக் கொழும்பில் 'நொட் பொட் இங்கிலிஷ்' என்று கேலி செய்யும் வழக்கம் உண்டு. அந்தக் கேலி அநியாயம்; ஒருவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்பதைக் காட்டிக் கீழே தள்ளும் வேலை அது. அதற்குப் பயந்து இதைப் பழக வேண்டாம். உங்கள் பேச்சு மற்றவருக்குத் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும், அதற்காகப் பழகுங்கள்.

மூன்றாம் படி: தொண்டையில் விரல்

தமிழ் எழுத்தில் 'லூஸ்' ஒன்றுதான். ஆங்கிலத்தில் இரண்டு. சட்டை லூஸ் என்பதில் ஓ எழுத்து இரண்டு. அதன் கடைசி ஒலி சாதாரண 'ஸ்'. போனைத் தொலைக்கும் லூஸில் ஓ ஒன்றுதான். கடைசி ஒலி வண்டு இரைவது போல அதிரும். தொண்டையில் விரல் வைத்துச் சொன்னால் அதிர்வு கையில் தெரியும். ஆங்கிலம் தாய்மொழியானவர்களே எழுதும்போது இந்த இரண்டையும் அடிக்கடி மாற்றிவிடுவார்கள்.

விலைக்கும் பரிசுக்கும் இதே வித்தியாசம்: 'ப்ரைஸ்' அதிராவிட்டால் விலை, அதிர்ந்தால் பரிசு. 'அட்வைஸ்' அதிராவிட்டால் புத்திமதி, அதிர்ந்தால் புத்தி சொல்வது. புத்திமதி எத்தனை சொன்னாலும் 'அட்வைசஸ்' என்று பன்மை வராது. 'இன்ஃபொமேஷன்', 'ஃபேர்னிச்சர்', 'எக்குவிப்மென்ற்' எல்லாவற்றுக்கும் அப்படியே.

நான்காம் படி: சொற்றொடரைப் பிரித்துப் பார்த்தல்

ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் காது பிசகும். சில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர் சிறுவயதில் தாய் வாசிக்கக் கேட்ட ஸ்கொட்லாந்துப் பாட்டொன்றில், 'லெய்ட் ஹிம் ஒன் த கிரீன்', அதாவது அவனைப் புல்வெளியில் கிடத்தினார்கள் என்ற அடியை 'லேடி மொண்டகிரீன்' என்று கேட்டார். அப்படி ஒரு சீமாட்டி இருந்தார் என்றே நம்பினார். 1954 இல் அவர் அதைக் கட்டுரையாக எழுதிய பிறகு, பிழையாகக் கேட்கும் அடிக்கு 'மொண்டகிரீன்' என்றே பெயர் ஆகிவிட்டது.

நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது 'குட் ஒஃப்' (could of), 'ஷுட் ஒஃப்' (should of). லண்டனில், ரொறன்ரோவில் வளர்ந்த நம் பிள்ளைகளின் வட்ஸ்அப் செய்தியிலேயே இது வரும். 'குட் ஹாவ்' என்பதை வேகமாகச் சொன்னால் 'குடவ்' என்று ஒலிக்கும். அந்தக் கடைசி ஒலியை 'ஒஃப்' என்று எழுதிவிடுகிறார்கள். இந்த இடத்தில் 'ஒஃப்' எப்போதும் பிழை. பேசும்போது 'குடவ்' என்றே சொல்லலாம். எழுதும்போது 'ஹாவ்' வர வேண்டும்.

அடுத்தது 'ஸ்கேப்கோட்', நமது பலிக்கடா. சொல்லின் முதலில் 'ஸ்' வந்தால் 'இஸ்கூல்' என்பதுபோல முன்னால் ஓர் 'இ' போடுவது நம் நாக்கின் பழக்கம். அதனால் 'எஸ்கேப் கோட்' என்று சொல்ல நமக்குச் சுலபமாக வரும். ஆங்கிலேயரிலும் பலர் அப்படிச் சொல்வதுண்டு. 1530 இல் வில்லியம் ரிண்டேல் வேதாகமத்தை மொழிபெயர்த்தபோது, மக்களின் பாவத்தைச் சுமத்தி வனாந்தரத்துக்குத் துரத்திவிடும் ஆட்டுக்கு வைத்த பெயர் இது. தப்பிப்போகும் ஆடு என்ற பொருள் அதற்குள் உண்மையிலேயே உண்டு. ஆனாலும் இன்று எழுத வேண்டியது 'ஸ்கேப்கோட்'.

'ஃபோர் ஓல் இன்டென்ற்ஸ் அன்ட் பேப்பசஸ்' என்பதைப் பலர் 'இன்டென்சிவ் பேப்பசஸ்' என்று கேட்பார்கள். பொருள், நடைமுறையில் பார்த்தால் என்பது. தொடக்கத்தில் இதைப் புரிந்தால் போதும், பாவிக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: தமிழை வைத்தே திருத்துதல்

காது சரியாகக் கேட்டாலும், தமிழ் வசனத்தை அப்படியே திருப்புவதால் வரும் பிழைகள் உண்டு. விடுமுறைக் கடிதங்களில் தவறாமல் வரும் ஒன்று: 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரொம் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேய்ஸ்'. 'சின்ஸ்' எங்கே, 'ஃபோர்' எங்கே என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை, தமிழிலேயே விடை இருக்கிறது. 'மூன்று நாளாகக் காய்ச்சல்' என்று சொல்ல வந்தால் 'ஃபோர்'. 'திங்கட்கிழமை தொடக்கம் காய்ச்சல்' என்று சொல்ல வந்தால் 'சின்ஸ்'. 'ஆக' வந்தால் ஒன்று, 'தொடக்கம்' வந்தால் மற்றது. அந்தக் காய்ச்சல் இன்னும் இருப்பதால் 'ஆம்' என்பதும் மாற வேண்டும்: 'ஐ ஹாவ் பீன் சஃபரிங் ஃப்ரொம் ஃபீவர் ஃபோர் த்ரீ டேய்ஸ்'.

இரவல் வாங்குவது 'பொரோ', இரவல் கொடுப்பது 'லென்ட்'. பேனை கேட்கும்போது 'பொரோ மீ' என்று சொன்னால் பிழை, 'லென்ட் மீ' சரி. இன்று காலை 'டுடே மோர்னிங்' அல்ல, 'திஸ் மோர்னிங்'. நேற்று இரவு 'லாஸ்ட் நைற்'. 'பற்றிக் கலந்துரையாடுவோம்' என்ற பழக்கத்தில் 'டிஸ்கஸ் எபௌட்' வரும், 'எபௌட்' வேண்டாம். 'ரிட்டேர்ன் பக்', 'றிப்ளை பக்' இரண்டிலும் 'பக்' தேவையில்லை.

ஆறாம் படி: போனைக் கொண்டு சோதித்தல்

செய்தி எழுதும் இடத்தில் மைக் படத்தை அழுத்தி, மொழியை ஆங்கிலமாக வைத்து, 'ஹோல்' என்ற சொல்லைத் தனியாகச் சொல்லுங்கள். மண்டபத்தைச் சொன்னால் மண்டபம் விழுகிறதா, ஓட்டை விழுகிறதா என்று பாருங்கள். முழு வசனமாகச் சொன்னால் போன் பொருளை ஊகித்துத் திருத்திவிடும். ஆகவே தனிச்சொல்லாகவே சோதியுங்கள். 'வொன்ற்', 'வோன்ற்', இரண்டு 'ப்ரைஸ்' எல்லாவற்றையும் இப்படிப் பார்க்கலாம்.

இனி இந்த மூன்றையும் கொப்பியில் திருத்தி எழுதுங்கள்:

'வீ டிஸ்கஸ்ட் எபௌட் த வோட்டர் ப்ரொப்ளம் யெஸ்டடே நைற்.'
'ஐ ஷுட் ஒஃப் கோல்ட் யூ டுடே மோர்னிங்.'
'ஹீ இஸ் வேர்க்கிங் இன் கிளிநொச்சி சின்ஸ் ஃபைவ் இயேர்ஸ்.'

விடைகள்:

'வீ டிஸ்கஸ்ட் த வோட்டர் ப்ரொப்ளம் லாஸ்ட் நைற்.'
'ஐ ஷுட் ஹாவ் கோல்ட் யூ திஸ் மோர்னிங்.'
'ஹீ ஹாஸ் பீன் வேர்க்கிங் இன் கிளிநொச்சி ஃபோர் ஃபைவ் இயேர்ஸ்.'