தேயிலை மண்ணில் மரக்கறி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலை பிடுங்கிய காணியில் நட்ட கோவா தலை கட்டாமல் நின்றால், பெரும்பாலும் விதையின் குற்றமில்லை, மண்ணின் புளிப்புத்தான். புளிப்பை அளக்கும் எண் பி.எச்.; அது குறையக் குறையப் புளிப்புக் கூடும். தேயிலைக்குப் பி.எச். 4.5 முதல் 5.5 வரை போதும். கோவா, போஞ்சி, கரட், பீட்ரூட்டுக்கு 6 முதல் 6.5 வேண்டும். இது தெரியாமல் உரத்தைக் கூட்டிக்கொண்டே போவது காசுக்குக் கேடு: புளித்த மண்ணில் பொசுபரசுச் சத்து மண்ணோடு பிணைந்துபோய் வேருக்குக் கிடைக்காது. நடுவதற்கு மூன்று நான்கு கிழமைக்கு முன், 10 அடிக்கு 3 அடிப் பாத்திக்கு புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக் கல் தூளான டொலமைட் அரைக் கிலோ தூவி, ஆறு அங்குல ஆழம் கொத்திக் கலக்கிவிடுங்கள். அதோடு சேர்த்து யூரியாவோ கோழி எருவோ போடாதீர்கள். நைதரசன் அமோனியாவாகிப் பறந்துவிடும். உருளைக்கிழங்குப் பாத்திக்கு டொலமைட் வேண்டாம், தோலில் சொறி விழும்.

மத்தியானத்தில் கோவா இலை துவண்டு, அந்திக்கு நிமிர்கிறதா? தண்ணீர் போதவில்லை என்று ஊற்றுவார்கள். ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் இஞ்சிக் கிழங்கு மாதிரி முண்டு முண்டாக வீங்கியிருந்தால் அது வேர்வீக்க நோய். புளிப்பும் ஈரமும் உள்ள மண்ணில் இது செழிக்கும், பல வருடம் உயிரோடு கிடக்கும். அந்தச் செடியைக் கூட்டெருக் குழியில் போடுவதுதான் பெரிய பிழை. வேரோடு எடுத்து எரியுங்கள், மண்வெட்டியைக் கழுவுங்கள். அந்தப் பாத்தியில் நோக்கோல், முள்ளங்கியும் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். லீக்ஸோ போஞ்சியோ போடலாம்.

சரிவில் பாத்தியை மேலிருந்து கீழாக இழுத்தால் ஒரு பெருமழைக்கே மேல்மண் கானில் போய்ச் சேரும். குறுக்கே போடுங்கள், மேல்பக்கம் ஒரு கான் வெட்டுங்கள். ஹட்டன் பக்கம் பெருமழை மே முதல் செப்டெம்பர் வரை. பதுளை, பண்டாரவளைக்கு வருடக் கடைசியில். அடுத்த மாவட்டத்துக்காரர் நடும் மாதம் உங்களுக்குப் பொருந்தாது.

கரட்டை நாற்றுப் போட்டுப் பிடுங்கி நடாதீர்கள், வேர் கிளைக்கும். மக்காத எருவும் அதையே செய்யும். விதையை நேரே தூவி, பிறகு இரண்டு அங்குலத்துக்கு ஒரு செடி நிற்க மிச்சத்தைப் பிடுங்கிவிடுங்கள்.

தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் அந்தியில் இலைமேல் தண்ணீர் தெளிக்கவே கூடாது. இராமுழுதும் இலை நனைந்திருந்தால், மூடுபனி நாட்களில் கருகல் நோய் ஒரு கிழமைக்குள் பாத்தியையே முடித்துவிடும். காலையில், அடியில் ஊற்றுங்கள்.