கொடைக்கானல் குளிரில் வீட்டு விருந்து: கையில் எடுத்துச் சாப்பிட என்ன செய்யலாம்?

மதுரையில் இருந்தவரை வீட்டில் விசேஷம் என்றால் மாலை நாலு மணிக்கே பஜ்ஜி, வடை எல்லாம் சுட்டு அடுக்கிவிடுவோம். ஆறு மணிக்கு வருகிறவர்கள் சாப்பிட்டாலும் பெரிய குறை தெரியாது. கல்யாணமாகிக் கொடைக்கானல் வந்த முதல் டிசம்பரில் அதையே இங்கேயும் செய்தேன். முப்பது பேர், ஒரு தாம்பாளம் நிறைய வாழைக்காய் பஜ்ஜி. அரை மணி நேரத்தில் அத்தனையும் நமுத்து, சில்லிட்டு, வாயில் வைத்தால் எண்ணெய் மட்டும் தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. வந்தவர்கள் மரியாதைக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள், மீதி தாம்பாளத்திலேயே கிடந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பஜ்ஜியில் தப்பில்லை. மலையில் குளிரும் மூடுபனி ஈரமும் சேர்ந்து பொரித்த பண்டத்தைச் சீக்கிரமே கெடுத்துவிடும், அதைக் கணக்கில் வைக்காமல் செய்ததுதான் தப்பு. அதனால் இப்போது ஒரே ஒரு முறைதான் வைத்திருக்கிறேன்: ஆறினாலும் நன்றாக இருக்கிற வகை மூன்று, சுடச்சுடத் தரவேண்டிய வகை இரண்டு, குடிக்கச் சூடாக ஒன்று. இதற்கு மேல் வகையைக் கூட்டாதீர்கள். பத்து வகை செய்தால் நீங்கள் அடுப்படியிலேயே நிற்பீர்கள், வந்தவர்களோடு ஒரு வார்த்தை பேசக்கூட முடியாது.

முதலில் அளவு. பிறகு ராத்திரிச் சாப்பாடு இருக்கிறது என்றால் ஆளுக்கு ஆறிலிருந்து எட்டு உருப்படி போதும். இதுதான் சாப்பாடே என்றால் குறைந்தது பன்னிரண்டு வேண்டும். 25 பேருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் மொத்தம் 175 உருப்படி. ஆனால் எல்லாவற்றையும் சமமாகப் பிரிக்காதீர்கள். குளிரில் கை முதலில் சூடான தட்டைத்தான் தேடும், அதனால் சூடான வகையை மற்றவற்றைப் போல் இரண்டு பங்கு செய்யுங்கள்.

சூடான வகையில் என் முதல் தேர்வு உருளைக்கிழங்கு சீஸ் உருண்டை. குழந்தைகளும் பெரியவர்களும் ஒரே வேகத்தில் எடுப்பது இதை மட்டும்தான், அதோடு நம் ஊரில் பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துக் கிழங்கும் இருக்கிறது, இங்கேயே செய்கிற சீஸும் இருக்கிறது. ஒரு கிலோ கிழங்குக்கு எலுமிச்சை அளவை விடச் சின்னதாக நாற்பது உருண்டை வரும். 25 பேருக்கு இரண்டு கிலோ எடுங்கள். கிழங்கை முந்தின நாளே தோலோடு வேகவையுங்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் வைத்தால் கீழே வேகிற நேரத்தில் இங்கே வேகாது. குக்கரில் வையுங்கள், நீங்கள் சமவெளியில் பழகிய கணக்கோடு ஒரு விசில் கூடுதலாக விடுங்கள். வெந்ததும் தோலுரித்து, மூடாமல், ஒரு தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு எண்ணெயில் உருண்டை வெடிக்கும். புதுக்கிழங்கில் ஈரம் அதிகம், அந்த ஈரம் போனால்தான் மசித்தது கையில் ஒட்டாமல் திரளும்.

மசித்த கிழங்கில் உப்பு, பொடியாக நறுக்கிய பச்சைமிளகாய், இஞ்சி, கொத்தமல்லித்தழை, ஒரு கைப்பிடி ரொட்டித்தூள். மிக்ஸியில் போட்டு அரைக்காதீர்கள், பசை மாதிரி ஆகிவிடும். கையாலேயே மசியுங்கள். ஒவ்வொரு உருண்டைக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி அளவு சீஸ் துண்டை வைத்து, விரிசல் இல்லாமல் மூடி உருட்டுங்கள். நீர்க்கக் கரைத்த மைதாவில் ஒரு முக்கு, பிறகு ரொட்டித்தூளில் ஒரு புரட்டல். ரொட்டித்தூளைக் கடையில் வாங்க வேண்டியதில்லை, இரண்டு நாள் பழைய பிரெட்டைத் தவாவில் ஈரம் போக வாட்டிப் பொடித்தால் அதுதான் நல்லது, ரஸ்க் இருந்தால் இன்னும் சுலபம். செய்து முடித்ததும் தட்டோடு பிரிஜ்ஜில் ராத்திரி முழுக்க இருக்கட்டும்.

பொரிக்கும்போது கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய். வனஸ்பதி வேண்டவே வேண்டாம், நெய்யும் தேங்காயெண்ணெயும் கூட இங்கே பொரிக்க ஆகாது. பண்டம் ஆறினதும் அவை உறைந்து மேலண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி ஒட்டிக்கொள்ளும். முதல் நாளைய என் பஜ்ஜிக்கு நடந்ததில் பாதி அதுதான். ஒரு துளி ரொட்டித்தூளைப் போட்டால் உடனே நுரைத்து மேலே வரவேண்டும், ஆனால் கறுக்கக் கூடாது, அந்தப் பதத்தில் ஆறு உருண்டைக்கு மேல் ஒரே தடவையில் போடாதீர்கள். விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் இளம்பொன்னிறமாக ஒரு தடவை பொரித்துக் கம்பிவலைத் தட்டில் பரப்பிவிடுங்கள். வந்து உட்கார்ந்ததும் பதினைந்து பதினைந்தாக ஒரு நிமிஷம் மறுபடி பொரித்து அனுப்புங்கள். இரண்டாம் பொரியலில்தான் மேல்தோல் மொறுமொறுவென்று ஆகும், உள்ளே சீஸும் இளகும். ஹாட்பேக்கில் போட்டு மூடிவிடலாம் என்று தோன்றும், அப்படிச் செய்தால் தன் ஆவியிலேயே வெந்து தொளதொளத்துப்போகும்.

இரண்டாவது சூடான வகை, அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் மிளகுக் கோழி. தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டங்களில் கொடியேறுகிற மிளகை வாங்கி அன்றைக்கே இடித்துப் போட்டால் அந்த மணம் வாசல் வரை வரும். எலும்பில்லாத தொடைக்கறி ஒரு கிலோவை ஒரே வாய்க்கு ஆகிற மாதிரி வெட்டினால் ஐம்பது துண்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும். நெஞ்சுக்கறி வேண்டாம், ஆறினால் நாராகிவிடும். தயிர், இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், உப்பு, இரண்டு மேஜைக்கரண்டி இடித்த மிளகு போட்டு இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, இரும்புச் சட்டியில் மூடி வேகவைத்து, தண்ணீர் வற்றியதும் திறந்து கறிவேப்பிலையோடு சுருளக் கிளறுங்கள். எண்ணெயில் முக்கிப் பொரிப்பதை நான் இதற்காகவே விட்டுவிட்டேன். இந்த உயரத்தில் கறிக்குள் இருக்கிற தண்ணீர் சீக்கிரமே ஆவியாகிவிடுவதால் வெளியே நிறம் வந்தபிறகும் உள்ளே வேகாமல் இருந்துவிடும், அப்படிப் பொரித்தே ஆகவேண்டும் என்றால் தீயைக் குறைத்து நிதானமாகப் பொரியுங்கள். ஒரு துண்டைப் பிய்த்து உள்ளே சிவப்பு இல்லை என்று பார்த்த பிறகே பரிமாறுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

சைவ வீடு என்றால் அந்த இடத்தில் கேரட் குழிப்பணியாரம். இட்லி மாவில் துருவிய கேரட், சின்ன வெங்காயம், கடுகு தாளிப்பு, அவ்வளவுதான். மாவு பொங்குவதுதான் பாடு. கீழே எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு இங்கே பதினைந்து பதினாறு மணி நேரம் கேட்கும், டிசம்பர், ஜனவரியில் அதுவும் போதாது. மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பெரிய அண்டாவில் இறக்கி, மேலே கம்பளியைச் சுற்றி, அடுப்புப் பக்கத்தில் வையுங்கள், காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

இனி ஆறினாலும் கவலையில்லாத வகைகள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மலைப்பூண்டுத் தயிரும் காய்க்குச்சிகளும். ஒரு லிட்டர் கெட்டித்தயிரை வெள்ளைத்துணியில் கட்டி ஐந்தாறு மணி நேரம் தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து வெண்ணெய் மாதிரி நிற்கும். அதற்குள் போடுகிற பூண்டை மட்டும் பச்சையாகப் போடாதீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் காரமும் மணமும் அதிகம், இரண்டு பல் பச்சையாக விழுந்தால் தயிர் முழுக்க அதுவே பேசும். முழுப்பூண்டைத் தோலோடு இரும்புத் தவாவில் வைத்து மூடி, சின்னத் தீயில் இருபது இருபத்தைந்து நிமிஷம் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். பல் குழைந்து, அமுக்கினால் விழுதாக வெளியே வரும். அந்த விழுது, உப்பு, மிளகு, கொஞ்சம் கொத்தமல்லி, நாலு சொட்டு எலுமிச்சை, எல்லாம் தயிரில் கலந்தால் முடிந்தது. (பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு நாள்கணக்கில் வெளியே வைக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள், அதில் உயிருக்கே ஆபத்தான நச்சுக்கிருமி வளரலாம்.)

தொட்டுக்கொள்ள கேரட், நூக்கல், முள்ளங்கி, வெள்ளரி. விரல் நீளத்துக்குக் குச்சியாக வெட்டிக் குழாய்த் தண்ணீரில் போட்டு வையுங்கள். கீழே ஐஸ் தேடவேண்டும், இங்கே குழாயில் வருவதே அந்தக் குளிர்ச்சிதான். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் இலையோடு விற்கிற இளங்கேரட் கிடைத்தால் வெட்டாமல் அப்படியே கழுவி, கைப்பிடிக்கிற அளவு காம்பை விட்டு அடுக்குங்கள். தட்டு பார்க்கவே அழகாக இருக்கும், குழந்தைகள் அந்தக் காம்பைப் பிடித்துத் தின்பதற்காகவே காய் சாப்பிடும்.

அடுத்து பட்டர் பீன்ஸ் சுண்டல். பச்சையாக உரித்த பருப்பை உப்புப் போட்டுத் தோல் கழலாமல் வேகவைத்து, தேங்காய்த்துருவல், மாங்காய், தாளிப்பு, சின்னத் தொன்னையில் இரண்டு கரண்டி. சுண்டல் என்று யாரும் இளக்காரமாகப் பார்க்க மாட்டார்கள், இந்தப் பருப்பின் மாவுத்தன்மைக்குக் கொண்டைக்கடலை பக்கத்தில் வராது.

மூன்றாவது பட்டர் புரூட் (அவகாடோ) வைத்த டோஸ்ட். இதற்குப் பழத்தை முன்கூட்டியே யோசித்து வாங்கவேண்டும், விருந்தன்று காலையில் போய் வாங்கினால் கல்லாக இருக்கும். நாலைந்து நாள் முன்னால் வாங்கி, ஒரு மலைவாழைப்பழத்தோடு பேப்பரில் சுற்றி அரிசிப் பானையில் போடுங்கள். காம்புப் பக்கம் மெதுவாக அமுக்கினால் உள்ளே அமுங்கவேண்டும், அதுதான் பதம். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, எலுமிச்சை சேர்த்து முள்கரண்டியால் மசித்து, நாலாக வெட்டி மொறுமொறுப்பாக வாட்டிய பிரெட்டின் மேல் ஒரு ஸ்பூன். பிரெட்டில் வைத்த பத்து நிமிஷத்துக்குள் தட்டு வெளியே போய்விடவேண்டும், இல்லையென்றால் பழம் கறுத்து பிரெட்டும் ஊறிவிடும். பட்டர் புரூட் கிடைக்காத மாதம் என்றால் பேரிக்காய்த் துண்டு, சீஸ், ஒரு புதினா இலை மூன்றையும் பல்குச்சியில் கோத்துவிடுங்கள், பேரிக்காயை வெட்டியதும் உப்புத்தண்ணீரில் ஒரு தடவை முக்கினால் நிறம் மாறாது.

குடிக்க? ஜூஸ் வேண்டாம். தக்காளி மிளகு ரசத்தை வடிகட்டிச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள். வாசலில் நுழைகிறவர் கையில் முதலில் இதைத்தான் கொடுப்பேன், குளிரில் நடந்து வந்தவர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொள்கிற அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆளுக்கு 100 மில்லி வீதம் இரண்டு தடவை, 25 பேருக்கு ஐந்து லிட்டர். பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டால் அடுப்பு உருண்டைக்கு மிச்சம்.

தட்டுக்குப் பாக்குமட்டை, சுண்டலுக்குத் தொன்னை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் எல்லாம் தடை, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அதில் அடக்கம், அதனால் பேப்பர்தானே என்று வாங்கிவிடாதீர்கள். கீழேயிருந்து வண்டியில் வருகிறவர்களை இ-பாஸ் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அது 2024 மே மாதம் வந்தது, சொந்தக்காரர்கள் பலர் இன்னும் மறந்துவிட்டுச் செக்போஸ்ட்டில் நிற்கிறார்கள், இங்கே உங்கள் உருண்டை ஆறிக்கொண்டிருக்கும்.

வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் கிழங்கும் உருண்டையும் தயிர் கட்டுவதும் பூண்டு சுடுவதும். காலையில் காய் வெட்டுவது, சுண்டலுக்கு வேகவைப்பது. மதியம் ரசம், கோழியை ஊறப்போடுவது. ஒரு மணி நேரம் முன்னால் முதல் பொரியல். எல்லாரும் வந்தபிறகு உங்களுக்கு மிச்சம் இருப்பது இரண்டாம் பொரியலும் டோஸ்ட்டும் மட்டும்தான், அதையும் வீட்டில் ஒரு ஆளிடம் ஒப்படைத்தால் நீங்கள் முன்னறைக்கு வந்து உட்காரலாம்.

பகல் விருந்து என்றால் ஜன்னலைச் சாத்திவையுங்கள், குரங்கு தட்டோடு எடுத்துப் போய்விடும். ராத்திரி என்றால் மிச்சத்தையும் எச்சில் தொன்னையையும் முற்றத்தில் வைக்காமல் மூடி போட்ட டிரம்மில் உள்ளேயே வைத்துக் காலையில் குப்பை வண்டியில் கொடுங்கள். எங்கள் தெருவில் வாசலில் வைத்த பையைத் தேடிக் காட்டுமாடு வந்து நின்று, விருந்தாளிகள் பதினொரு மணி வரை வீட்டுக்குள்ளேயே காத்திருக்கவேண்டியதாகிவிட்டது.