சாய்தளம் கேட்டு மனு எழுதுமுன் டேப்பை எடுங்கள்

"மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய வசதி செய்து தருமாறு வேண்டுகிறோம்" என்று முடியும் மனுவுக்கு, "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி பதில் போட்டுக் கோப்பை மூடிவிடலாம். எந்த வாசல், எத்தனை சென்டிமீட்டர், சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுதிய மனுவை அவ்வளவு சுலபமாக மூட முடியாது. அதனால் அரசு அலுவலகத்துக்குச் சாய்தளம் கேட்பவருக்கு முதல் வேலை, அந்த வாசலை அளப்பது.

5 மீட்டர் டேப், ஒரு நோட்டு, செல்போன் போதும். சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரும் பார்வையற்றவர் ஒருவரும் கூட வந்தால், டேப்புக்குச் சிக்காத குறைகளும் தெரியவரும்.

சாய்தளத்தில் ஆரம்பியுங்கள். மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிமுறைப்படி சரிவு அதிகபட்சம் 1:12, அதாவது 1 செ.மீ. உயர 12 செ.மீ. நீளம். வாசலில் 15 செ.மீ. உயரத்தில் மூன்று படிகள் என்றால் மொத்த உயரம் 45 செ.மீ.; சாய்தளம் 5.4 மீட்டர் நீள வேண்டும். இடமில்லை என்று 2 மீட்டரில் கான்கிரீட் கொட்டி முடித்திருப்பார்கள். அது பைக் ஏற்றத்தான் உதவும். தனியாக ஏறும் சக்கர நாற்காலி பின்பக்கம் கவிழும். தரையே சரிவாக இருந்தால் படி உயரங்களைக் கூட்டிப் போடும் கணக்கு தப்பும். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பாருங்கள்.

அகலம் 1.2 மீட்டராவது இருக்கிறதா, இருபுறமும் கைப்பிடிக் கம்பி உண்டா, சாய்தளம் தரையைத் தொடும் இடத்தில் விளிம்பு துருத்துகிறதா என்று குறியுங்கள். இரண்டு செ.மீ. விளிம்பு போதும், முன்சக்கரம் முட்டி நின்றுவிடும். கதவு திறந்த நிலையில் 90 செ.மீ. வழி விட வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையைத் திறந்து பார்க்காமல் வராதீர்கள்: பாதி இடங்களில் அது துடைப்பமும் பழைய நாற்காலியும் கிடக்கும் ஸ்டோர் ரூம். ஒவ்வொரு படத்திலும் டேப்பின் எண் தெரிய வேண்டும்.

அடுத்தது ஆவணம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் கட்டவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, கையில் இருக்கும் பதிவைத் தருவதுதான் அவர் கடமை, காரணம் சொல்வது அல்ல. கட்டட வரைபட அனுமதி, பணி நிறைவுச் சான்று, சாய்தளத்தின் மதிப்பீடு, எம்-புக் (செய்த வேலையை அளந்து பில்லுக்காக எழுதும் அளவுப் பதிவேடு) பக்கம் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். எம்-புக்கில் 5 மீட்டருக்குப் பில் போட்டு, தரையில் 2 மீட்டர் இருந்தால் அதற்குமேல் நீங்கள் வாதாட வேண்டியதில்லை. 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு.

இனி மனு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 44-ஆவது பிரிவு, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத கட்டடத்துக்கு அனுமதியோ நிறைவுச் சான்றோ தரக் கூடாது என்கிறது. பழைய பொதுக் கட்டடங்களுக்கு 45-ஆவது பிரிவு: விதிகள் வெளியான 2017 ஜூன் முதல் ஐந்து ஆண்டு கெடு, 2022-லேயே முடிந்துவிட்டது. 89-ஆவது பிரிவில் முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த விதிகளில், அணுகல் தரங்களைச் சொல்லும் விதி 15(1)-ஐ மேற்கோள் காட்டாதீர்கள். கட்டாயமாக இருக்க வேண்டியதை வெறும் பரிந்துரையாக வைத்திருக்கிறது என்று சொல்லி, ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்து, கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. "வழிகாட்டுதல்தானே, கட்டாயமில்லையே" என்று அதிகாரி சொன்னால், இந்தத் தீர்ப்பையும் சட்டப் பிரிவுகளையும் முன்வையுங்கள்.

மனுவைத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு அனுப்புங்கள். அசைவில்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போங்கள். வக்கீல் தேவையில்லை, சாட்சியை அழைக்கவும் ஆவணம் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரைதான். துறை அதன்மேல் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். பலர் இந்தத் தேதியைக் குறித்து வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அது கடந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள்.

அளந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். மத்திய அரசு வரைவு விதிகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது அது மறுபடி உதவும். "வரவேற்கிறோம், மேலும் வலுப்படுத்த வேண்டும்" என்று எழுதும் கடிதத்தால் ஒரு சொல்கூட மாறாது. விதி எண், இப்போதுள்ள வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம், அதற்கான அளவும் படமும் என்று விதிக்கு ஒரு பக்கமாக எழுதி, அறிவிக்கையில் உள்ள கெடுவுக்குள் அனுப்புங்கள்.