வயிற்றில் பை வைத்த குழந்தைக்கு வீட்டில் உப்பும் நீரும் கொடுக்கும் முறை

குடல் முறுக்கியோ அழுகியோ பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சக் குடலின் வாயை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து கழிவுக்குப் பை ஒட்டிய குழந்தை வீட்டுக்கு வந்ததும் பெற்றோர் பயப்படுவது சாப்பாட்டைப் பற்றி. உண்மையில் அந்தக் குழந்தையை முதலில் சாய்ப்பது உப்பு இழப்பு. பையில் வெளியேறுவது வெறும் தண்ணீர் இல்லை, அதில் சோடியம் நிறைய இருக்கிறது. "இவ்வளவு போகுதே" என்று பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொடுத்தால், மிஞ்சியிருக்கும் மேல்குடல் உடம்பிலிருந்து உப்பை இழுத்து அந்த நீரில் கலக்கும். பை இன்னும் வேகமாக நிறையும், குழந்தை இன்னும் காயும்.

குடிக்க ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 75 மில்லிமோல் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு) சோடியமும் அதே அளவு குளுக்கோஸும் இருக்கும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் குடல் உப்பை நன்றாக உள்ளே வாங்கும், உப்பின் பின்னால் நீரும் போகும். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சின்னது 200 மி.லி.க்கு. கொதித்து ஆறிய தண்ணீரை அளவு ஜாடியில் பிடித்து முழுப் பாக்கெட்டையும் போடுங்கள். பாதிப் பொடியை மடித்து வைத்து மறுநாள் கலப்பது வேண்டாம், அளவு தப்பிவிடும். கலக்கியது 24 மணி நேரத்துக்குமேல் இருந்தால் கொட்டிவிடுங்கள். கடையில் பெட்டியில் வரும் பழச்சுவை பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்காதீர்கள். அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு.

டம்ளரோடு ஒரே மூச்சில் குடித்தால் நேராகப் பைக்குத்தான் போகும். ஸ்பூனிலோ சிரிஞ்சிலோ 5 முதல் 10 மி.லி. வீதம், நாள் முழுக்கப் பரவலாகக் கொடுங்கள். சில குழந்தைகளுக்கு மருத்துவர் சோடியத்தை இன்னும் கூட்டச் சொல்வார். அவர் எழுதிய அளவைத் தவிர கைப்பிடி உப்பு வேண்டாம். தட்டையான ஒரு டீஸ்பூன் உப்பில் ஏறக்குறைய 100 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. கைக்குழந்தைக்கு அது விஷம்.

சித்திரை வெயிலில் ஊர்ப்பக்கம் பாசத்தோடு நீட்டுவதெல்லாம் இளநீர், பதநீர், பருத்திப்பால், ஜிகர்தண்டா. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. மற்றவற்றின் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியாக்கும். பாட்டி மனசு நோகாமல், "டாக்டர் சீட்டுல இல்ல ஆத்தா" என்று சொல்லிவிடுங்கள். சிறுகுடலோடு பெருங்குடல் இணைந்திருக்கும் குழந்தை, இனிப்போ மாவுப்பண்டமோ நிறையத் தின்றபின் தள்ளாடி நடந்து நாக்குக் குழறினால், கண்ணேறு கழித்துக்கொண்டிருக்க வேண்டாம். குடல் கிருமிகள் உண்டாக்கும் ஒருவகை லாக்டிக் அமிலம் ரத்தத்தில் ஏறியிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி கணக்கு. பையைக் காலி செய்யும்போதெல்லாம் அளவு ஜாடியில் ஊற்றி மி.லி.யை நோட்டில் எழுதுங்கள். டயப்பரில் போனால் காய்ந்த டயப்பரின் எடையைக் கழியுங்கள், 1 கிராம் 1 மி.லி. என்று வையுங்கள். காலை 6 மணியிலிருந்து மறுநாள் 6 வரை கூட்டி, குழந்தையின் எடையால் வகுங்கள். 8 கிலோக் குழந்தைக்கு 320 மி.லி. போயிருந்தால் கிலோவுக்கு 40. கிலோவுக்கு 20ஐத் தாண்டினாலே அதிகம். 40ஐத் தொட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். உங்கள் மருத்துவர் வேறு எல்லை எழுதித் தந்திருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

பால் சரியாக இறங்கியும் எடை ஏறவில்லையா? சிறுநீரில் சோடியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தத்தில் சோடியம் சரியாக இருக்கும்போதே சிறுநீரில் அது லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இறங்கியிருக்கலாம். அப்படி இருந்தால், உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு வளர்ச்சியை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். ரத்த ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து "நார்மல்" என்று திரும்பி வருவதுதான் இதில் பெரிய இழப்பு.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். அதற்குமேல் விட்டால் கனத்தில், பையைத் தோலோடு ஒட்டிவைக்கும் தட்டு பெயரும். தட்டின் துளை குடல்வாயைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டும் பெரிதாக இருக்கட்டும். பெரிதாக வெட்டினால் கசிவு தோலைப் புண்ணாக்கும். ஆபரேஷனுக்குப்பின் முதல் சில வாரம் குடல்வாய் சுருங்கும், ஆகவே ஒவ்வொரு முறையும் அளந்து வெட்டுங்கள். சுற்றுத் தோலை வெறும் தண்ணீரில் கழுவி நன்றாக ஒற்றி எடுங்கள். தேங்காய் எண்ணெய் பட்ட இடத்தில் தட்டு ஒட்டாது. ஒட்டியபின் உள்ளங்கையைச் சில நிமிடம் மேலே வைத்திருந்தால் பிடிப்பு இறுகும். குடல்வாய் ஈரமாக, சிவப்பாக இருக்க வேண்டும். கருநீலமானால் நேரம் பார்க்காமல் கிளம்புங்கள்.

கண் குழிவது, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, பச்சை வாந்தி, இவற்றில் எது வந்தாலும் கிளம்ப வேண்டியதுதான். ரத்தக்குழாய் வழியாக ஊட்டம் ஏற்ற நெஞ்சில் குழாய் வைத்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 காய்ச்சல் வந்தாலே ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கலாம். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆன்டிபயாடிக் போடுவதற்குமுன் அந்தக் குழாயிலிருந்தும் கல்ச்சருக்கு (கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ரத்தம் எடுக்கச் சொல்லி நினைவூட்டுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ ராத்திரியில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடும்போது வாயில் வார்த்தை வராது. எத்தனை செ.மீ. சிறுகுடல் மிச்சம், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்து வால்வு இருக்கிறதா, பெருங்குடல் எவ்வளவு, கடைசி எடை, ஓடும் மருந்துகள், இதெல்லாம் ஒரே தாளில் எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸோடும் இரண்டு மாற்றுப் பைகளோடும் தயாராக வையுங்கள். பைகளை வண்டிப் பெட்டியிலோ தகரக் கூரைக்கு அடியிலோ வைக்காதீர்கள், சூட்டில் பசை கெட்டுவிடும்.