சோயா விதையின் புரதமும் எண்ணெயும்: வயலில் மாதிரி எடுக்கும் முறை

சோயா மொச்சை விதையின் உலர் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதமும் 20 சதவீதம் எண்ணெயும் உண்டு என்பது சராசரிக் கணக்கு மட்டுமே. ஒரே ரகத்தை ஒரே வயலில் விதைத்தாலும், மணி திரளும் (காய்க்குள் விதை பருக்கும்) நாட்களின் வெப்பம், மண் ஈரம், வெளிச்சம் ஆகியவற்றுக்கு ஏற்ப இந்த அளவுகள் மாறும். எனவே அந்த நாட்களைப் பதிவு செய்யாமல் ரகத்தின் தரத்தை முடிவு செய்யக் கூடாது.

மத்தியப் பிரதேசத்தின் மால்வா கரிசல் நிலத்தில் பருவமழையோடு விதைக்கும் பயிருக்கு, பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் மணி திரள்கிறது. செடியின் உச்சி நான்கு கணுக்களில் ஏதேனும் ஒன்றின் காயைப் பிளந்து, விதை 3 மி.மீ. நீளம் எட்டியிருந்தால் அன்றே தேதியைக் குறித்துக்கொண்டு, முதல் காய் முற்றி நிறம் மாறும் வரை அன்றாட வெப்பநிலையையும் மழையளவையும் எழுதி வாருங்கள். வெப்பம் கூடினால் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஒலெயிக் அமிலம் உயர்ந்து லினோலெனிக் அமிலம் குறையும். குளிர்ந்த சூழலில் ஐசோஃபிளேவோன்கள் எனும் தாவர வேதிப்பொருள்கள் விதையில் மிகும். வறட்சியில் பெரும்பாலும் புரத விகிதம் ஏறி எண்ணெய் இறங்கும். ஆனால் மகசூலும் சரிவதால், ஏக்கருக்குக் கிடைக்கும் மொத்தப் புரதம் கூடியதாகக் கொள்ள முடியாது.

வெளிச்சத்தைத்தான் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். வரிசைகளுக்கிடையே இலைகள் மூடிக்கொண்டபின் கீழ்க்கணுக்களுக்கு எட்டும் ஒளி மிகச் சொற்பம். பொதுவாக மேற்கணு விதைகளில் புரதமும் கீழ்க்கணு விதைகளில் எண்ணெயும் கூடுதலாக இருக்கும். ஆகையால் செடியை மேல், நடு, கீழ் என மூன்றாகப் பிரித்துத் தனித்தனியே காய் பறியுங்கள். இந்த வேறுபாட்டில் ஒளியின் பங்கை அறிய, காய் பிடிக்கும்போது ஒரு வரிசையின் இருபுறச் செடிகளையும் மூங்கிலும் கம்பிவலையும் கொண்டு விலக்கிச் சாய்த்து, அடியில் வெயில் விழச் செய்து, அவ்வரிசை விதைகளைச் சாய்க்காத வரிசையோடு ஒப்பிடலாம். கணுக்களின் வயதும் வேறுபடுவதால், எல்லாவற்றையும் ஒளியின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

தெருவிளக்கு வெளிச்சம் படும் ஓரச் செடிகளை மாதிரியில் சேர்க்கவே கூடாது. சோயா குறும்பகல் பயிர் (பகல் குறுகி இரவு நீளும்போது பூப்பது) என்பதால் இரவு வெளிச்சத்தில் அதன் முதிர்ச்சி தள்ளிப்போகும்.

மாதிரி விதைகளை ஆய்வகத்துக்கு அனுப்பி ஆய்வறிக்கை வந்ததும், அளவுகள் உலர் எடைக்கா, ஈரத்தோடு கூடிய எடைக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உலர் எடையில் 40 சதவீதமாக உள்ள புரதம், 13 சதவீத ஈரமுள்ள விதையில் சுமார் 35 சதவீதமாகவே தெரியும்.