பழைய காரை ராலிகிராஸுக்குத் தயார் செய்வது: பாடி முதலில், இஞ்சின் கடைசியில்

ராலிகிராஸ் என்ற கார் பந்தயத்தில் ஓர் ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் சாலையில் ஓடும் கார் பல ஆண்டுகளில் படும் அடியை இந்தக் கார் அந்தச் சில நிமிடங்களில் படும். 1967இல் இங்கிலாந்தின் லிட்டன் ஹில் தடத்தில் தொடங்கிய நாள் முதல் இந்தப் பந்தயத்தின் தடம் தார் பாதி, மண் பாதி. மண்ணில் வழுக்கிச் சுழலும் சக்கரம் தாரில் ஏறியதும் பிடிப்பு சட்டென்று கூடிவிடும். அந்த உதை முழுவதும் டிரைவ் ஷாஃப்டிலும் கியர் பற்களிலும் இஞ்சின் மவுண்டிலும் இறங்கும். போதாததற்குப் பக்கத்துக் கார் இடிக்கும், முன்னே போகும் கார் கல்லையும் சேற்றையும் வாரி அடிக்கும்.

முதல் காரைக் கட்டுபவர்கள் பெரும்பாலும் பணத்தை இஞ்சினில் போட்டுவிட்டு, ரேடியேட்டரில் சேறு அடைத்தோ கண்ணாடி மங்கியோ பாதியில் நிற்கிறார்கள். எனவே வேலையின் வரிசை முக்கியம்: பாடி, கூண்டு (கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் எஃகுக் குழாய்ச் சட்டம்), பிரேக், சஸ்பென்ஷன், குளிர்விப்பு, வயரிங், அதன் பிறகே இஞ்சின். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், நீங்கள் சேரப்போகும் பிரிவின் விதிப்புத்தகத்தை வரி விடாமல் படியுங்கள். கீழே வரும் அளவுகள் எதிலாவது அந்தப் புத்தகம் வேறு சொன்னால் புத்தகம் சொல்வதே சரி.

எந்தக் கார்

எடை குறைந்த, முன்சக்கர இழுவை உள்ள, 1.3 முதல் 1.6 லிட்டர் வரையிலான சின்னக் கார் முதல் முயற்சிக்குப் பொருத்தம். உடைந்த பாகம் மறுநாளே கிடைக்கக்கூடிய மாடலாக இருக்க வேண்டும். அபூர்வமான காரை ஆசைப்பட்டு எடுத்தால் ஒரு லோயர் ஆர்முக்காக ஒரு பருவமே போய்விடும்.

பெயிண்ட் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். கூரான ஸ்க்ரூ டிரைவரையும் காந்தத்தையும் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுங்கள். ஷாக் அப்சார்பரின் மேல்முனை உட்காரும் இடம், லோயர் ஆர்ம் போல்ட் ஏறும் இடம், பின் ஆக்சில் தொங்கும் இடம், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, ஜாக்கி வைக்கும் இடம் ஆகிய ஐந்தையும் குத்திப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. தரையில் ஓட்டை, கதவு ஓரத்தில் துரு என்றால் பயமில்லை, அவற்றை வெட்டி ஒட்டலாம். சஸ்பென்ஷன் ஏறும் இடம் பொரிந்து உதிர்ந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். அடியில் இரு பக்கமும் ஒத்த புள்ளிகளைத் தேர்ந்து, குறுக்காக மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். இரு அளவுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால், அந்தக் கார் முன்பே பலமாக அடிபட்டிருக்க வாய்ப்புண்டு.

உரிப்பதும் வெல்டிங்கும்

சீட், கார்ப்பெட், டாஷ்போர்டு, கதவு உறை எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஹீட்டரையும் அதன் ஊதியையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் வரும். ஒவ்வொரு இடத்து போல்ட்டையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். தரையில் ஒட்டியிருக்கும் தார் அட்டை சுத்தியலுக்கு அசையாது. அதன்மேல் உலர்பனியைப் பரப்பிப் பத்து நிமிடம் விட்டால் கண்ணாடிபோல நொறுங்கும். உலர்பனி ஆவியானால் கார்பன் டை ஆக்சைடு, ஆகவே இதை மூடிய அறையில் செய்யக் கூடாது.

வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்க்கையும் குழாய்களையும் காரிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரி, ஆல்டர்னேட்டர், கம்ப்யூட்டர் இணைப்புகளையும் கழற்றுங்கள். துருப்பிடித்த பகுதியைச் சுற்றி 20 மி.மீ. நல்ல தகடு வரை வெட்டி, 1 மி.மீ. தகட்டில் ஒட்டுத் தகடு செய்யுங்கள். 0.6 மி.மீ. கம்பியில் மிக் வெல்டிங் போதும். 25 மி.மீ.க்கு ஒரு புள்ளியாக, ஒரு முனையில் ஒன்று எதிர்முனையில் ஒன்று என்று மாறி மாறி வையுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் தகடு அலையலையாக நெளிந்துவிடும்.

தகடுகள் சேரும் மடிப்புகளை இறுக்குவதுதான் பாடிக்கு உண்மையான பலம் தரும் வேலை. தொழிற்சாலையில் வைத்த புள்ளி வெல்டுகள் நாளடைவில் தளர்கின்றன. மடிப்பிலுள்ள சீலரை வயர் பிரஷால் முழுக்கச் சுரண்டிவிட்டு, 25 மி.மீ. வெல்ட், 50 மி.மீ. இடைவெளி என்று தையல் போடுங்கள். சீலர் மிச்சமிருந்தால் அது எரிந்து வெல்டில் துளைகள் விழும். முன் சஸ்பென்ஷன் கோபுரங்கள், முன் சேசிஸ் கட்டைகள், கதவடிப் பெட்டி, பின் ஆக்சில் தாங்கி ஆகிய இடங்களுக்கு இது போதும். தொடர்ச்சியாக வெல்ட் போட்டால் பலம் கூடாது, ஓரத்தில் விரிசல் தொடங்கும். வேலை முடியும்வரை கதவுகள் மாட்டி மூடியே இருக்கட்டும், இடைவெளி மாறினால் பாடி வளைகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். துத்தநாகம் பூசிய தகட்டை உரசாமல் வெல்ட் செய்தால் வரும் புகை காய்ச்சலைக் கொடுக்கும், எனவே பூச்சை நீக்கிவிட்டு முகமூடியும் அணியுங்கள்.

கூண்டு

இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. விதிகளின் பிற்சேர்க்கை ஜே, பிரிவு 253 சொல்லும் அளவு: ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன் அல்லது 50 மி.மீ., 2 மி.மீ.; மற்ற குழாய்களுக்கு 38 மி.மீ., 2.5 மி.மீ. அல்லது 40 மி.மீ., 2 மி.மீ. குளிர்நிலையில் இழுத்த, தையல் இல்லாத எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயும் சைலன்சர் குழாயும் பார்வைக்கு அப்படியே இருக்கும், கார் உருளும்போது மடங்கிவிடும். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப்போல மூன்று மடங்காவது வேண்டும். வளைத்த இடத்தில் குழாய் சப்பையாகவோ சுருக்கமாகவோ இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு குழாயை வளைக்க வேண்டும்.

ஒவ்வொரு காலும் உட்காரும் இடத்தில் குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகட்டைப் பாடியில் வெல்ட் செய்யுங்கள். போல்ட் போடும் கூண்டானால் காலுக்கு மூன்று, எட்டு மி.மீ., 8.8 தர போல்ட். மெல்லிய தரைத் தகட்டில் நேராகக் காலை வைத்தால் விபத்தில் குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும்.

பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. கூண்டின் மேல் மூட்டுகளில், கூரை பக்கம் இருக்கும் பாதி வட்டத்துக்கு வெல்டிங் டார்ச் நுழையாது. அதனால் கீழ்ப்பாதியை மட்டும் வெல்ட் செய்துவிட்டுப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். முழு வட்டம் வெல்ட் ஆகாத மூட்டு கூண்டில் இல்லாத மூட்டுக்குச் சமம். இதற்கு வழி: கால்கள் வரும் இடத்தில் தரையில் துளை போட்டுக் கூண்டை 60, 70 மி.மீ. கீழே இறக்குங்கள். மேல் மூட்டுகளைச் சுற்றி முழுக்க வெல்ட் செய்யுங்கள். பிறகு உயர்த்தி, துளைகளின் மேல் தகடுகளை வெல்ட் செய்து கால்களை உட்கார வையுங்கள். ஹெல்மெட் படக்கூடிய குழாய்களுக்கெல்லாம் பந்தயத்துக்கென்றே செய்த கெட்டி உறை போடுங்கள். மெத்தென்ற ஸ்பாஞ்ச் உதவாது.

சாயாத, ஒரே வார்ப்பான பந்தய சீட் வேண்டும். தாங்கிகள் 3 மி.மீ. எஃகு. ஆறு முனை பெல்ட்டில் தோளின் மேல் வரும் பட்டைகள் பின்னோக்கிச் செல்லும்போது கிடைமட்டத்திலிருந்து 10 பாகை அளவுக்குக் கீழ்ச்சரிவது நல்லது, 45 பாகையைத் தாண்டவே கூடாது. செங்குத்தாக இறங்கும் பெல்ட் மோதலில் முதுகெலும்பை நசுக்கும். இடுப்புப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும். பழைய பெல்ட்டை மலிவாக வாங்குமுன் லேபிளில் காலாவதி ஆண்டைப் பாருங்கள்.

பிரேக்கும் சஸ்பென்ஷனும்

டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள மெல்லிய காப்புத் தகட்டைக் கழற்றிவிடுங்கள், இடையில் கல் சிக்கினால் டிஸ்க்கை அரைத்துவிடும். பிரேக் குழாய்களைப் புதிதாக, காருக்குள்ளேயே ஓட்டுங்கள். புதிய டாட் 4 பிரேக் ஆயில் குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும்; ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 155 ஆகிவிடும், ஆகவே பருவத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். பிரேக் பேடு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இந்த ஓட்டத்தில் முதல் வளைவு வரும்போது பிரேக் குளிர்ந்தே இருக்கும். சூடேறினால்தான் பிடிக்கும் கடினமான பேடு இங்கே ஆபத்து.

ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் போட்டால் பின்சக்கர லைனில் இடைமறித்துப் பொருத்துங்கள். பிரேக் லைனிலிருந்து காற்றை எடுக்கும்போது அந்த லீவரையும் இழுத்துவிட்டு எடுக்காவிட்டால் உள்ளே ஒரு குமிழ் தங்கிப் பெடல் என்றும் மெத்தென்றே இருக்கும்.

காரைத் தாழ்த்துவது தார்த் தடத்துப் பழக்கம். இங்கே சொந்த உயரத்திலோ 20, 30 மி.மீ. கூடுதலாகவோ விடுங்கள். ஸ்பிரிங் பழையதைவிட 30 முதல் 50 விழுக்காடு கெட்டியாகத் தொடங்கலாம். சக்கரம் கீழே தொங்கும் அளவைக் குறைத்துவிடாதீர்கள், குழியில் சக்கரம் தரையைத் தேடிப் போனால்தான் இழுவை கிடைக்கும். முன்சக்கரத்தின் மேல்புறம் ஒன்றரைப் பாகை உள்நோக்கிச் சாயட்டும், முன்புறம் மொத்தம் 1, 2 மி.மீ. வெளியே விரியட்டும், பின்சக்கரங்கள் நேராக இருக்கட்டும். நூல் கட்டி அளந்தாலே போதும். ஆர்ம் புஷ்களைப் பாலியூரித்தேனுக்கு மாற்றுங்கள். டயர் காற்றை 26 பி.எஸ்.ஐ. அருகே வைத்துத் தொடங்குங்கள். மிகவும் குறைத்தால் தார் ஓரத்தில் ரிம் அடிபடும்.

சேறும் சூடும் பார்வையும்

ரேடியேட்டருக்கு 5 செ.மீ. முன்னால், பக்கவாட்டில் உருவி எடுக்கக்கூடிய கம்பிவலை போடுங்கள், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் அதை மட்டும் கழுவினால் போதும். மின்விசிறிக்குக் கையால் போடும் சுவிட்சும் இருக்கட்டும். சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது தவறு. பல இஞ்சின்களில் அது இல்லாவிட்டால் சுற்றுப்பாதை திறந்தே கிடந்து, தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பும். காற்று வடிகட்டிக்கு எண்ணெய் தோய்த்த ஸ்பாஞ்ச் வகை நல்லது. அது காற்றை இழுக்கும் வாய், பம்பருக்குப் பின்னால் இல்லாமல், முன்கண்ணாடியின் அடிவாரம் போன்ற உயரமான இடத்தில் இருக்கட்டும்.

ஹீட்டரை விட்டுவைக்கச் சொன்னதன் காரணம் முன்கண்ணாடி. ஈரமான நாளில் ஓட்டுநரின் மூச்சே உள்பக்கத்தை மூடிவிடும், அதைத் துடைக்க ஓட்டத்தில் கை இருக்காது. முன்கண்ணாடி லேமினேட் செய்த அடுக்குவகையாக இருக்க வேண்டும். பக்கக் கண்ணாடிகளுக்குப் பதிலாக 4 மி.மீ. பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வைப்பருக்குப் பெரிய தண்ணீர்ப் பெட்டி வையுங்கள், சேற்றில் வெறும் வைப்பர் ஓடினால் கண்ணாடி முழுக்கக் கீறல் விழும். பின்னால் உயரத்தில் பளிச்சென்ற சிவப்பு விளக்கு கட்டாயம். புழுதியில் பின்னால் வருபவருக்கு அது ஒன்றுதான் தெரியும்.

வயரிங்கைப் புதிதாக ஓட்டுவது பழையதை ஒட்டுவதைவிட எளிது. ஈயம் வைத்த முனைகள் அதிர்வில் ஒடியும், அழுத்திப் பிடிக்கும் முனைகளே நல்லது. தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். மெயின் கட்-ஆஃப் சுவிட்ச் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். இரண்டு முனை சுவிட்ச் பேட்டரியை மட்டும் துண்டிக்கும், ஆல்டர்னேட்டர் கொடுக்கும் மின்சாரத்தில் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

இஞ்சினும் கியர்பாக்ஸும்

ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். ஹெட்டைக் கழற்றினால் நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துச் சோதியுங்கள், 0.05 மி.மீ. நுழைந்தாலே அதைச் சமப்படுத்தக் கொடுங்கள். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆயில் சீல், கிளட்ச் இவை எப்படி இருந்தாலும் புதிது.

நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். பேரிங் போவது அங்கேதான். இஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பினுள் குழாயைச் சுற்றித் தடுப்புத் தகடு வெல்ட் செய்யுங்கள், டிப்-ஸ்டிக்கும் கிராங்கும் அதில் உரசாதபடி பாருங்கள். சம்ப்புக்கு அடியில் 5 மி.மீ. அலுமினியக் காப்பு, அது சேசிஸ் கட்டையில் ஏற வேண்டும், இஞ்சினில் ஏறக் கூடாது. இஞ்சின் மவுண்டுக்குக் கெட்டிப் பாலியூரித்தேன் போதும்.

முன்சக்கர இழுவைக் காரில், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலை வெல்ட் செய்து பூட்டுவது மலிவு. ஆனால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், தார் வளைவில் டிரைவ் ஷாஃப்ட் முறியும். பணமிருந்தால் அந்த வேக வித்தியாசத்தை ஓரளவு மட்டும் கட்டுப்படுத்தும் தட்டு வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வாங்குங்கள், இல்லாவிட்டால் உள்ளதை அப்படியே விடுங்கள். இஞ்சினிலிருந்து பத்துக் குதிரைத்திறன் கூட்டப் படும் பாட்டைவிட, கியர் விகிதம் கூடிய ஃபைனல் டிரைவ் போடுவது புறப்பாட்டில் அதிகம் கொடுக்கும்.

முதல் ஓட்டம்

பத்து நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் மறுபடி பாருங்கள். சரியாக இருப்பதில் பெயிண்ட் கோடு ஒன்று இழுத்தால் அடுத்தமுறை பார்வையிலேயே தெரியும். புதிய கூண்டு வெல்டுகளையும் சஸ்பென்ஷன் கோபுரங்களையும் விளக்கு அடித்து, விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் சேறு காயும் முன் கழுவிவிடுங்கள். ரேடியேட்டருக்கு இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கித் தண்ணீர் அடிக்க வேண்டும், முன்னாலிருந்து அடித்தால் சேறு இன்னும் உள்ளே போய் உட்காரும். சக்கரங்களைக் கழற்றி, ரிம்மின் உள்வளையத்தில் ஒட்டியிருப்பதையும் சுரண்டுங்கள். அது ஒரு பக்கமாகக் காய்ந்துவிட்டால் அடுத்த ஓட்டத்தில் ஸ்டீயரிங் ஆடும், பேரிங் போய்விட்டது என்று நினைத்து வீணாகப் பிரிக்க நேரும்.